நாய்க்குட்டிக்கு உலர் உணவா, ஈர உணவா: தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால்

பெட் ஷாப் அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நாய்க்குட்டி உணவுகளை எடுத்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பவருக்கு முதலில் குழப்பமே மிஞ்சும். உலர் உணவுப் பையில் புரதம் 24 விழுக்காடு என்றிருக்கும். கிரேவியில் ஊறிய துண்டுகளை அடைத்த சிறு பவுச்சில் 8 விழுக்காடு என்றிருக்கும். பவுச்சின் முன்பக்கத்தில் கோழிக்கறிப் படம் பளபளக்க, பின்பக்கத்தில் புரதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருப்பது ஏமாற்று வேலை போலத் தோன்றும். இரண்டு எண்களும் உண்மைதான். ஆனால், அவற்றை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஏனெனில் ஒன்றில் ஏறத்தாழ 10 விழுக்காடும் மற்றொன்றில் 80 விழுக்காட்டுக்கு மேலும் தண்ணீர் இருக்கிறது.

தண்ணீரைக் கழித்துவிட்டால் கணக்கு தலைகீழாக மாறும். பவுச்சில் ஈரப்பதம் 82 விழுக்காடு என்றால் 100 கிராமில் திடப்பொருள் வெறும் 18 கிராம். அந்த 18 கிராமில் 8 கிராம் புரதம் என்பது 44 விழுக்காடு. உலர் உணவில் 90 கிராம் திடப்பொருளுக்கு 24 கிராம் புரதம், அதாவது 27 விழுக்காடு அளவில். கொழுப்பையும் இதே முறையில் கணக்கிட வேண்டும். பவுச்சில் 4 விழுக்காடு என்று அடக்கமாகத் தெரியும் கொழுப்பு, தண்ணீரைக் கழித்தால் 22 விழுக்காடாகிறது. உலர் உணவே தின்று பழகிய குட்டிக்கு ஒரே நாளில் கிரேவியை நிறைய வைத்தால் மறுநாள் வயிற்றுப்போக்கு ஏற்படுவதற்கு இந்தக் கொழுப்பும் ஒரு காரணம்.

இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் செய்முறையில் பார்க்கலாம். உலர் உணவில் தானிய மாவு, இறைச்சித் தூள், தாதுக்கள் எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவை நீராவியும் அழுத்தமும் கொண்ட குழாய்க்குள் தள்ளி வேகவைத்து, மறுமுனையில் பிதுங்கி வரும்போதே துண்டு துண்டாக வெட்டி, உலர்த்தி, கடைசியில் கொழுப்பையும் சுவையூட்டியையும் மேலே தெளிக்கிறார்கள். துண்டுகள் உப்பி வரவும் உதிராமல் நிற்கவும் மாவுச்சத்து வேண்டும். எனவே அரிசியோ சோளமோ கிழங்கோ பருப்போ ஏதோ ஒன்று இல்லாமல் வழக்கமான உலர் உணவு உருவாகாது. ஈர உணவுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இறைச்சியையும் கிரேவியையும் பையிலோ டின்னிலோ அடைத்து மூடி, கிருமிகள் சாகும் வெப்பத்தில், பொதுவாக 121 டிகிரி செல்சியஸ் அளவில், உள்ளேயே வேகவைத்துவிடுகிறார்கள். அதனால்தான் திறக்காத டின் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. கிரேவிக்குள் கறித்துண்டு போலக் கிடப்பது பல நேரங்களில் வெட்டிய கறி அல்ல. அரைத்த இறைச்சியையும் கோதுமைப் புரதத்தையும் கலந்து வார்த்து வெட்டிய துண்டு அது. அதில் சத்துக்குறைவு ஏதும் இல்லை. என்றாலும் படத்தைப் பார்த்து விலை கொடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

உலர் உணவே இயல்பானது என்ற இன்றைய எண்ணம்கூட நாயின் உடலை ஆராய்ந்து வந்ததல்ல. அமெரிக்காவில் 1922இல் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன் அங்கு விற்ற நாய் உணவில் பெரும்பகுதி டின் உணவுதான். போர்க்காலத்தில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் டின் வணிகம் படுத்தது, பைகளில் அடைத்த உலர் உணவு அந்த இடத்தைப் பிடித்தது. மேலே சொன்ன குழாய்முறையில் செய்த உலர் உணவு 1957இல் சந்தைக்கு வந்த பிறகு டின்னுக்குப் பழைய இடம் திரும்பவே இல்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். தேர்வைப் பெரும்பாலான வீடுகளில் முடிவு செய்வது அதுதான். நாய்க்கு ஓய்வு நிலையில் வேண்டிய ஆற்றலை, உடல் எடையின் (கிலோவில்) 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கிக் கணக்கிடுவது கால்நடை மருத்துவத்தில் வழக்கம். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதைப் போல மூன்று மடங்கும், அதன் பிறகு வளர்ச்சி முடியும்வரை ஏறத்தாழ இரண்டு மடங்கும் தேவைப்படும். 5 கிலோ எடையுள்ள இரண்டு மாத லேப்ரடார் குட்டிக்கு இந்தக் கணக்குப்படி நாளொன்றுக்கு 700 கிலோ கலோரி வேண்டும். 100 கிராமுக்கு 370 கிலோ கலோரி தரும் உலர் உணவானால் 190 கிராம் போதும். 100 கிராமுக்கு 90 கிலோ கலோரி தரும் கிரேவியானால் 780 கிராம், அதாவது 80 கிராம் பவுச் பத்து. ஒரு பவுச் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 400 ரூபாய், மாதத்துக்கு 12,000 ரூபாய். உலர் உணவு கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 2,300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே குட்டி நான்கு மாதம் கடந்து 15 கிலோவைத் தொடும்போது பத்து பவுச் பதினைந்தாகும். பெரிய இன நாய்க்குட்டியை ஈர உணவிலேயே வளர்ப்பது பெரும்பாலான குடும்பங்களால் முடியாது. தொடங்கிவிட்டுப் பாதியில் கைவிடுவதைவிட முதலிலேயே அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

இந்த 780 கிராம் கிரேவிக்குள் 640 கிராம் தண்ணீர். இந்த இடத்தில்தான் ஈர உணவுக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் குட்டிக்கு நீர்ச்சத்து வேண்டும், ஆகவே ஈர உணவு நல்லது என்பார்கள். நீர்ச்சத்து வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நலமாக இருக்கும் குட்டி உலர் உணவு தின்றால் அதற்கேற்ப அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சரிசெய்துகொள்ளும். பூனைகள் அப்படிப் போதிய அளவு குடிப்பதில்லை என்பதால் பூனைக்கு ஈர உணவை வலியுறுத்துவதில் நியாயம் அதிகம். நாய்க்குட்டிக்கோ உலர் உணவில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்தாலே ஈர உணவின் நீர்ச்சத்தில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. கொதிக்கும் நீர் வேண்டாம். சில வைட்டமின்கள் வெப்பத்தில் சிதையும். பவுச்சில் வாங்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம் என்பது மட்டும் மனத்தில் இருக்கட்டும்.

சிறிய இனங்களில் கணக்கு வேறு. 1 கிலோ எடையுள்ள ஷிட்சூ அல்லது பொமரேனியன் குட்டிக்கு நாளுக்கு 210 கிலோ கலோரி போதும். மூன்று பவுச்சில் அது நிறைவேறும். இவ்வளவு சிறிய குட்டிகள் ஒருவேளை உணவைத் தவிர்த்தாலே ரத்தச் சர்க்கரை குறைந்து தள்ளாடி விழக்கூடும் என்பதால், மணமும் மென்மையும் உள்ள ஈர உணவு அவற்றின் விஷயத்தில் வெறும் ஆடம்பரம் ஆகாது. புதிதாக வீட்டுக்கு வந்து, தாயையும் உடன்பிறந்தவற்றையும் பிரிந்த மிரட்சியில் உலர் துண்டுகளை முகர்ந்துவிட்டு விலகும் குட்டியை முதல் சில நாட்கள் சாப்பிட வைக்கவும் அது உதவும். பாலை மறக்கத் தொடங்கும் மூன்று, நான்கு வார வயதில் எந்தக் குட்டிக்கும் கூழ் போன்ற உணவே பொருந்தும்; 28 பால் பற்களும் முளைத்து, இரண்டு மாதத்தை எட்டிய பிறகு உலர் துண்டுகளைக் கடித்துத் தின்பதில் பெரும்பாலான குட்டிகளுக்குச் சிரமம் இருக்காது.

உலர்ந்ததா ஈரமா என்பதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரி ஒன்று பையின் பின்பக்கத்தில் உண்டு: அந்த உணவு முழுமையானதும் சமச்சீரானதுமா, அதிலும் வளர்ச்சிப் பருவத்துக்கு ஏற்றதா என்பது. ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோலையோ, ஐரோப்பியச் செல்லப்பிராணி உணவுத் தொழில் கூட்டமைப்பான ஃபெடியாஃபின் அளவுகோலையோ ஒட்டித்தான் இங்கு விற்கும் பல உணவுகளும் தயாராகின்றன. ஆஃப்கோ வளரும் குட்டிக்குத் திடப்பொருளில் குறைந்தது 22.5 விழுக்காடு புரதமும் 8.5 விழுக்காடு கொழுப்பும் கேட்கிறது. வளர்ந்த நாய்க்கு இவை 18, 5.5 என்று இறங்குகின்றன. பவுச்சுகளில் சில துணை உணவு என்ற வகையில் விற்கப்படுகின்றன. அவற்றை மட்டுமே கொடுத்துக் குட்டியை வளர்க்க முடியாது. நாளின் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அவற்றை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கால்சியம்தான் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம். தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை வளர்ந்த நாயின் குடல் உறிஞ்சாமல் விட்டுவிடும். முதல் சில மாதங்களில் குட்டியின் குடலுக்கு அந்தத் தடுப்பு சரியாக அமைந்திருப்பதில்லை, கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோளாறாக்கியது தெளிவாகத் தெரிந்தது. இதனால்தான் ஆஃப்கோ, குறைந்த அளவாக 1.2 விழுக்காடு வைத்ததோடு நிற்காமல் மேல் வரம்பும் வைத்திருக்கிறது: பொதுவாக 2.5 விழுக்காடு, வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டக்கூடிய பெரிய இனங்களின் குட்டிகளுக்கு 1.8 விழுக்காடு. ஜெர்மன் ஷெப்பர்டோ கிரேட் டேனோ வாங்கியிருப்பவர் பெரிய இனக் குட்டிகளுக்கானது என்று குறிப்பிட்டிருக்கும் உணவைத் தேடி வாங்குவதற்குப் பொருள் உண்டு. அந்த வரம்பை ஒட்டி வரக்கூடிய ராஜபாளையம், லேப்ரடார் குட்டிகளுக்கும் அந்த எச்சரிக்கையோடு கொடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

நம் ஊரில் இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் கால்சியம் டானிக். குட்டியை விற்பவரே உணவுப் பையோடு ஒரு பாட்டிலையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார், காது நிமிரும், கால் உறுதியாகும் என்ற வாக்குறுதியோடு. முழுமையான குட்டி உணவைச் சரியான அளவில் தின்னும் குட்டிக்கு அந்த டானிக் தேவையில்லை. பெரிய இனமானால் அது கெடுதலும் கூட. இதற்கு நேர்மாறான தவறும் இங்கே நடக்கிறது. எலும்பு நீக்கிய கோழிக்கறியும் சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸ் கிடைக்கும், கால்சியம் போதாது. உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ள, முன்னங்கால்கள் வளைந்து, சிறு துள்ளலிலும் எலும்பு முறியும் நிலை வரலாம். அந்தக் குட்டிக்கு மருத்துவர் கால்சியம் எழுதித் தந்தால் அது சரியான சிகிச்சை. அதே பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தம் குட்டிக்கும் வாங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பால் சாதமும் செர்லாக் கரைசலும் குட்டிக்கு ஏற்ற மென்மையான உணவு என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் உண்டு. மனிதக் குழந்தை பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காக ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும், நாய்க்குட்டி அதை ஏறத்தாழ பத்தே நாட்களில் முடித்துவிடும். மனிதக் குழந்தைக்குச் செய்த மாவில் அதற்கு வேண்டிய புரதம் எப்படி இருக்கும்? பசும்பாலில் உள்ள லாக்டோஸ், தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கைத் தரும்.

உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யும் என்ற வாதத்துக்கு நான் அதிக மதிப்பெண் போட மாட்டேன். சாதாரண உலர் துண்டு பல் பட்டதும் நொறுங்கிவிடுகிறது. ஈறோரத்தில் படியும் அழுக்கை அது தொடுவதில்லை. பல் பராமரிப்புக்கென்றே நாரமைப்போடு பெரிய துண்டுகளாகச் செய்த உணவுகள் தனி. அவற்றிலும் பெரும்பாலானவை வளர்ந்த நாய்களுக்கானவை. நான்கு மாதம் முதல் ஏழு மாதம் வரை பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் வரும் காலத்தில், ஈறு வலியால் குட்டி உலர் துண்டுகளைத் தயங்கித் தின்னலாம். அந்த வாரங்களில் ஊறவைத்துக் கொடுப்பதும், பல் துலக்குவதற்காக விரலை வாய்க்குள் விட்டுப் பழக்குவதும் எந்தத் துண்டையும்விடப் பயன் தரும்.

ருசியைப் பொறுத்தவரை ஈர உணவே முன்னால் நிற்கிறது, அதில் போட்டியில்லை. அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. உலர் உணவைத் தின்னாமல் குட்டி விலகியவுடன் மேலே ஒரு கரண்டி கிரேவி ஊற்றினால், இரண்டு நாளில் அது காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். நான்காம் நாள் கிரேவி பட்ட துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். கலந்து கொடுக்க விரும்புபவர் முதல் நாளிலிருந்தே அளந்து, நன்றாகப் பிசைந்து, மறுத்தாலும் மறுக்காவிட்டாலும் அதே அளவில் கொடுக்க வேண்டும். கலந்த அளவுக்குரிய கலோரியை உலர் உணவில் கழிக்க வேண்டும் என்பதை மறப்பவர்களே அதிகம். 80 கிராம் பவுச் ஒன்றைச் சேர்த்தால் 20 கிராம் உலர் உணவைக் குறைத்தால் சரியாக இருக்கும்.

அளவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை எட்டு வார வயதிலிருந்து வாழ்நாள் முழுதும் கண்காணித்து 2002இல் வெளியான ஆய்வில், இணையான மற்ற நாய் தின்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களின் நடு ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) 13 ஆண்டாகவும், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டாகவும் இருந்தது. மூட்டுத் தேய்வும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அந்த வகையில் உலர் உணவுக்கு ஒரு குறை உண்டு: ஒரு கைப்பிடி கூடுதலாக விழுந்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 100 கிலோ கலோரியைத் தாண்டிவிடும். டம்ளரால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுவதும், வாரம் ஒருமுறை குட்டியின் விலாவைத் தடவிப் பார்ப்பதும் போதும். விலா எலும்புகள் கைக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது.

தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரக்காற்றும் இரண்டு உணவுகளையும் வெவ்வேறு விதமாகச் சோதிக்கின்றன. திறந்த பவுச்சின் மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கிண்ணத்தில் மீந்த ஈர உணவையும், ஊறவைத்த உலர் உணவையும் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. அதற்கு முன்பே எறும்பு வந்துவிடும் என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைக்கும் வழக்கம் எறும்பைத் தடுக்கும், கெடுவதைத் தடுக்காது. உலர் உணவு கெடுவது சத்தமில்லாமல் நடக்கும். மேலே தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மூட்டையாக வாங்கினால் மலிவு என்றாலும், திறந்த ஐந்து, ஆறு வாரத்துக்குள் தீரும் அளவே வாங்க வேண்டும். டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வைத்தால், பழைய எண்ணெய்ப் பிசுக்கு புதிய உணவில் ஏறாது, பையில் அச்சிட்ட தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) கையில் இருக்கும்.

தொகுதி எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் கிரேவி வகை டின்களும் பவுச்சுகளுமாக 6 கோடி திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்ததே காரணம். புரதத்தை நேராக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்கிடும் முறையில், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் புரதமாகவே எண்ணப்பட்டுவிடும். நாய்களுக்கும் பூனைகளுக்கும் அது சிறுநீரகத்தை அடைத்தது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் உலர் உணவு ஒன்றில், சோளத்தில் வளர்ந்த பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட செல்லப்பிராணிகள் இறந்ததாக அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வந்தன. ஒன்று ஈரம், மற்றொன்று உலர். நம் கையில் இருப்பது திரும்பப் பெறும் தொகுதியா என்று பார்க்க அந்த எண் வேண்டும்.

என் முடிவு பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான்: வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான உலர் உணவு அடிப்படையாகவும், வேண்டியபோது ஊறவைத்தும், ஈர உணவு சிறிய இனங்களுக்கும், புதிதாக வந்த குட்டிக்கும், நோயிலிருந்து தேறும் குட்டிக்கும். தேறும் காலத்தில், மருத்துவர் அனுமதித்த பிறகு, மூக்குக்கு எட்டும் மணத்தோடு லேசாகச் சூடாக்கிய ஈர உணவைச் சிறு சிறு பங்காக வைத்தால், வேறு எதையும் தொடாத குட்டியும் நக்கத் தொடங்கும். வாந்தியும் ரத்தம் கலந்த கழிச்சலும் தொடங்கிய குட்டிக்கு உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது பார்வோ வைரஸாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

எதிலிருந்து எதற்கு மாறினாலும் ஏழு நாள் எடுத்துக்கொள்வது நல்லது: முதல் இரண்டு நாள் புதிய உணவு கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். குட்டியை வாங்கும்போது அது அதுவரை தின்ற உணவு எது என்று கேட்டு, அதிலேயே ஒரு வாரத்துக்கு வாங்கி வருவது இதற்காகத்தான். பல கடைகளில் திறந்த மூட்டையிலிருந்து உலர் உணவை அள்ளிக் கிலோ கணக்கில் பாலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள், விலையும் கொஞ்சம் குறைவு. அந்தப் பையில் ஈரப்பதம், கால்சியம், கலோரி, தொகுதி எண், காலாவதி நாள் எதுவும் இருக்காது. மேலே போட்ட கணக்குகளில் ஒன்றைக்கூட அதை வைத்துப் போட முடியாது.